"போட்டோ மாதிரியே இருக்கு!"

பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

லண்டனில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் அங்குள்ள நேஷனல் கேலரிக்குப் போயிருக்கிறார். உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் ஆயில் பெயின்டிங்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "சார், அப்படியே போட்டோ மாதிரி இருக்கு!"

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஊர் சுற்றப்போன இடத்தில் வரைபட வாத்தியாரை நினைத்துக்கொண்டாரே, அதுவே எனக்கு நிறைவு. ஆனால் இந்த "போட்டோ மாதிரி" என்கிற பாராட்டு இருக்கிறதே, அதன் மேல் எனக்கு வெகுநாள் வழக்கு உண்டு. ஓவியத்துக்கு நம் ஊரில் கிடைக்கிற முதல் பரிசு இதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளை பாட்டியை வரைந்து கொண்டுவந்தாலும் இதே வார்த்தை, உலகப் புகழ்பெற்ற ஓவியத்தின் முன்னால் நின்றாலும் இதே வார்த்தை. இதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. எதற்கு என்று அவர் அனுப்பிய அந்தப் படத்தை வைத்தே சொல்கிறேன்.

படத்தில் இருப்பவர் மதாம் முவாதெசியே. பெயர் இனேஸ். பாரிஸில் பெரிய பணக்காரர் ஒருவரின் மனைவி. வரைந்தவர் ஆங்க்ர் என்ற பிரெஞ்சுக்காரர் (டிவியில் வருகிற ஆங்கர் இல்லை). சோபாவில் அமர்ந்திருக்கிறார் அந்த அம்மாள். வெள்ளைப் பட்டில் கொத்துக்கொத்தாகப் பூப்போட்ட கவுன், படத்தின் கீழ்ப்பாதி முழுக்க விரிந்து கிடக்கிறது. கழுத்தும் தோளும் கையும் சந்தனக் கட்டையை இழைத்த மாதிரி வழவழவென்று இருக்கும். ஒரு கை மடியில், விசிறியைப் பிடித்தபடி. இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் நெற்றிப்பொட்டை ஒட்டி நிற்கிறது. பின்னால் ஒரு கண்ணாடி. உயரம் ஏறக்குறைய 4 அடி, அகலம் 3 அடி. பூவேலையும் நகையும் பட்டின் பளபளப்பும் அத்தனை துல்லியம். பார்த்தவுடன் போட்டோ என்று தோன்றத்தான் செய்யும்.

இப்போது அந்தக் கண்ணாடியை மறுபடியும் பாருங்கள். அம்மாள் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி அவருக்குப் பின்னால் இருக்கிறது. அதில் என்ன தெரிய வேண்டும்? இயற்பியல் வாத்தியார் பாடம் எடுத்தது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். தலையின் பின்பக்கம் தெரிய வேண்டும், கொண்டையும் பிடரியும். ஆனால் ஆங்க்ர் வரைந்த கண்ணாடியில் அவருடைய முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம் தெரிகிறது. மூக்கும் உதடும் மோவாயும், பழைய காசில் அச்சடித்த ராணியின் முகம் போல. எந்தக் கேமராவை எங்கே வைத்து எடுத்தாலும் இந்தப் படம் கிடைக்காது. ஒரு பெண்ணின் முகத்தை நேராகவும் பார்க்க வேண்டும், பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும் என்று அந்த மனிதர் ஆசைப்பட்டிருக்கிறார். அதற்காகக் கண்ணாடியைப் பொய் சொல்ல வைத்திருக்கிறார். நாம் அதைக் கவனிக்காமல் போட்டோ மாதிரி என்கிறோம்.

கையைப் பாருங்கள். நெற்றியோரம் வைத்த அந்த விரல்களில் எலும்பு இருக்கிற அடையாளமே இல்லை. ஒரு முட்டி, ஒரு கணு தெரியாது. நட்சத்திர மீனை ஒட்டி வைத்த மாதிரி வளைந்து விரிந்திருக்கும். என் வகுப்பில் யாராவது இப்படி வரைந்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். ஆனால் இவர் விரல் வரையத் தெரியாதவர் இல்லை. பென்சிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தக் கை வைப்பு அவர் மனதில் இருந்த வேறொரு படத்திலிருந்து வந்தது. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்துபோன ஊர்களில் எர்குலேனியமும் ஒன்று. அங்கே தோண்டியெடுத்த சுவரோவியம் ஒன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு தேவதை இதே போலக் கையைத் தலையில் வைத்து உட்கார்ந்திருப்பாள். பாரிஸ் பணக்காரர் வீட்டுப் பெண்ணை அந்தத் தேவதையின் இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். நகையும் கவுனும் அன்றைய நாகரிகம். உட்கார்ந்திருக்கும் விதத்துக்கு வயது ஏறக்குறைய 1,800 ஆண்டுகள்.

இந்தப் படத்தின் கதை இன்னும் சுவாரசியம். 1844-ல் தொடங்கியது. முதலில் ஆங்க்ர் முடியாது என்றுதான் சொன்னார். புராணக் காட்சிகளும் சரித்திரக் காட்சிகளும் வரைவதுதான் பெரிய வேலை, பணக்காரர்களின் முகத்தை வரைவது சில்லறை வேலை என்பது அவர் நினைப்பு. பிறகு அந்தப் பெண்ணை நேரில் பார்த்தார். ஒத்துக்கொண்டார். அவர் எண்ணம் முதலில் தாயும் மகளுமாக வரைவது. காத்ரீன் என்ற சின்னப் பெண் அம்மாவின் மடியோரம் சாய்ந்திருக்கும்படி ஸ்கெட்ச் எல்லாம் போட்டார். குழந்தை ஓர் இடத்தில் இருக்குமா? அசைந்துகொண்டே இருந்ததில் கடைசியில் குழந்தையைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டார். 1849-ல் ஆங்க்ரின் மனைவி இறந்துபோனார். வேலை அப்படியே நின்றது. நடுவில், இது முடிகிற வழியைக் காணோம் என்று அதே பெண்ணைக் கறுப்பு உடையில் நிற்க வைத்து வேறொரு படம் வரைந்து 1851-ல் முடித்தும் கொடுத்துவிட்டார். அது இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் முடியவில்லை. உடையை மாற்றினார். மறுபடி தொடங்கினார். 1856-ல் கையெழுத்துப் போட்டபோது தன் வயது 76 என்றும் சேர்த்து எழுதினார். கொஞ்சம் பெருமை, கொஞ்சம் அலுப்பு, இரண்டும் அதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஆக 12 ஆண்டுகள். தொடங்கும்போது இனேஸுக்கு 23 வயது. முடியும்போது 35. அந்த முகத்துக்கு வயது என்ன என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. எந்த ஒரு நாளின் முகமும் இல்லை அது. பல வருடம் ஒரு முகத்தைப் பார்த்து, பார்க்காத நாட்களில் நினைத்து, அழித்து, திரும்பப் போட்டு, அப்படிச் சேர்ந்த முகம். கேமரா ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து மூடுகிறது. அதற்கு அந்த நேரம் போதும். மனிதனுக்குப் போதவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "அந்தக் காலத்தில் போட்டோ இல்லை சார், அதனால் வரைந்தார்கள்" என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். இருந்தது. 1839-லேயே பாரிஸில் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்துவிட்டார்கள். 1850-களில் பாரிஸ் முழுக்க ஸ்டூடியோக்கள். முவாதெசியே வீட்டில் பணத்துக்கா பஞ்சம்? நாலு தெரு தள்ளிப் போயிருந்தால் நாலு நிமிஷத்தில் படம் கிடைத்திருக்கும். ஆனாலும் 12 வருடம் காத்திருந்தார்கள். இன்னொரு வேடிக்கை: 1862-ல் புகைப்படத்தைக் கலைக்குச் சமமாக வைக்கக் கூடாது என்று பாரிஸ் ஓவியர்கள் ஓர் எதிர்ப்பு அறிக்கை வெளியிட்டார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர்களில் ஆங்க்ரும் ஒருவர். அவர் படத்தின் முன்னால் நின்றுதான் நாம் போட்டோ மாதிரி என்கிறோம். கேட்டால் கிழவர் பிரஷ்ஷை எடுத்து எறிந்திருப்பார்.

அந்த அறிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகைப்படமும் கலைதான். என் தம்பி மகன் கல்யாண போட்டோ எடுப்பவன், அவனும் இதைப் படிப்பான். நல்ல புகைப்படக்காரன் வெளிச்சத்துக்காகக் கால் கடுக்க நிற்பதை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். நான் சொல்வது வேறு. மாம்பழத்தைப் பார்த்து "அப்படியே பலாப்பழம் மாதிரி இனிக்குது" என்று சொன்னால் இரண்டுக்கும் மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் நான் ஓவியம் படித்த காலத்தில் எங்களுக்கு மாடலாக உட்கார வயதான ஓர் அம்மா வருவார். தினக்கூலி. நாற்காலியின் நாலு காலைச் சுற்றியும் அவர் பாதத்தைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டுவைப்போம். இருபது இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் எழுந்து காலை நீட்டி, வெற்றிலை போட்டு, திரும்பி வந்து அதே கோட்டுக்குள் உட்காருவார். கோட்டுக்குள் பாதம் வந்துவிடும். ஆனால் தோள் வராது, முந்தானை மடிப்பு வராது, முகத்தில் இருந்த யோசனை வராது. காலையில் பார்த்த அம்மா வேறு, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கிற அம்மா வேறு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஓவியம் படிப்பது என்பது பெரும்பாலும் இந்த முடிவைப் படிப்பதுதான்.

அதிலும் உட்கார்ந்திருக்கும் பெண்ணை வரைவதுபோலச் சிரமம் வேறில்லை. நிற்பவரை வரைவது சுலபம். உட்கார்ந்தவரை நேர் எதிரில் இருந்து பார்த்தால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நம்மை நோக்கி வருகிறது. ஒன்றரை அடி நீளத் தொடை கண்ணுக்கு ஒரு சாண்தான் தெரியும். அதன் மேல் புடவை. மடிப்பு எங்கே தொங்குகிறது, எங்கே இறுகுகிறது என்பதை வைத்துத்தான் உள்ளே முழங்கால் இருக்கிறது என்று பார்ப்பவருக்குச் சொல்ல முடியும். அது தப்பினால் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டாள், நாற்காலிக்கு முன்னால் குட்டையாக நிற்பாள். உங்களில் பாதிப் பேரின் நோட்டில் அப்படி நின்ற பெண்கள் உண்டு. ஆங்க்ர் இந்தத் தொல்லையை எப்படிக் கடந்தார் பாருங்கள்: கவுனை அலை மாதிரி விரித்துவிட்டார். அந்த அம்மாளுக்கு முழங்கால் எங்கே என்று நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடிப் பார்த்தேன்.

ஆயில் பெயின்டிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் நிறப்பொடியைக் குழைப்பது ஆளிவிதை எண்ணெயில். இது தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. ஒரு பூச்சு காயச் சில நாட்கள் ஆகும். காய்ந்ததன் மேல் கண்ணாடித்தாள் போல மெல்லிய இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று. வெளிச்சம் மேல் பூச்சுக்குள் நுழைந்து அடிப் பூச்சில் பட்டுத் திரும்பி வருகிறது. தோலுக்கு உள்ளே ரத்தம் ஓடுகிற மாதிரி தெரிவதற்குக் காரணம் அதுதான். செல்போன் திரையில் அது தெரியாது, அச்சிட்ட காலண்டரிலும் தெரியாது. அதனால்தான் நேரில் பாருங்கள் என்று நான் கழுத்தை அறுப்பது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். இறந்துபோன அம்மாவைப் படமாக வரைந்து தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் பலர். கையில் ஆதார் அட்டையில் இருக்கிற தபால்தலை அளவுப் படம், இல்லையென்றால் யாரோ ஒருவர் கல்யாணத்தில் பந்தியோரம் நின்ற குரூப் போட்டோ. "சார், போட்டோ மாதிரியே இருக்கணும்" என்பார்கள். அடுத்த வாக்கியம் என்ன தெரியுமா? "கொஞ்சம் கலராப் போடுங்க." அதாவது வெளுப்பாக. ஐம்பது வருடம் நடவு நட்டு, களை பறித்து, வெயிலில் கறுத்த உடம்பு அது. அந்தக் கறுப்பில்தான் இவர் படித்தார், வேலைக்குப் போனார், எனக்கு அட்வான்ஸும் கொடுக்கிறார். அதை மட்டும் படத்தில் போடக் கூடாது. அப்படியானால் நாம் கேட்பது போட்டோவும் இல்லை, அம்மாவும் இல்லை. இப்போது போன்களும் இதற்குப் பழகிவிட்டன. நாம் கேட்காமலே முகத்தை வழித்து வெளுத்துத் தருகின்றன. பேரப்பிள்ளைகள் எடுக்கிற படத்தில் எனக்கே சுருக்கம் இல்லை. "போட்டோ மாதிரி" என்கிறபோது எந்தப் போட்டோ மாதிரி என்று கேட்கத் தோன்றுகிறது.

பள்ளியில் வாங்கித் தருகிற கிரேயான் பெட்டியில் மனிதத் தோலுக்கென்று ஒரு குச்சி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? வெளிறிய ரோஸ். "ஸ்கின் கலர்" என்றே பிள்ளைகள் கேட்பார்கள். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் ஒருவர் தோலும் அந்த நிறத்தில் இருக்காது. ஆனாலும் அம்மாவை வரையச் சொன்னால் நாற்பது பேரும் அந்தக் குச்சியைத்தான் எடுப்பார்கள். கறுப்புத் தோலை வரையக் கறுப்புப் பெயின்டை எடுக்கவே கூடாது என்று நான் கத்தியது சிலருக்காவது நினைவிருக்கும். பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம், யெல்லோ ஆக்கர். வெளிச்சம் விழுகிற கன்னமேட்டில் வானத்தின் நீலம் கூடத் தெரியும். கறுப்புத் தோலில்தான் நிறங்கள் அதிகம். வெளிச்சத்தை வாங்கித் திருப்புகிற அழகு அதற்குத் தனி.

அதைச் செய்து காட்டியவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர், 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோய்விட்டது. நாற்பதுகளின் தொடக்கத்தில் போய்விட்டார். வாசற்படியிலும் ஜன்னலோரத்திலும் தூணருகிலும் உட்கார்ந்திருக்கிற நம் கிராமத்துப் பெண்களை அவர்களுடைய சொந்த நிறத்திலேயே வரைந்தார். அந்த வாரம் முழுக்க என் செல்போனில் அவர் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அனுப்பிய அத்தனை பேரும் எழுதியது ஒன்றுதான்: "நம்பவே முடியல, போட்டோ இல்ல, பெயின்டிங்!" இருக்கட்டும், அன்பில் சொன்னதுதான். ஆனால் அந்தப் பெண்கள் மேல் விழுகிற வெளிச்சத்தை யாராவது கவனித்தோமா? எந்த வீட்டு ஜன்னலிலும் அப்படி அளந்து விழாது. தேவையில்லாத இடத்தை இருட்டில் விட்டு, காட்ட வேண்டிய இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். காலம்காலமாகக் கலண்டரில் தேவியருக்கு மட்டும் கொடுத்துவந்த வெளிச்சம் அது. அதை நாற்று நடுகிற பெண்ணுக்குக் கொடுத்தார். அந்த முடிவை எந்த லென்சும் எடுக்காது. அதைப் பாராட்டாமல், இயந்திரத்துக்குச் சமமாக இருக்கிறாய் என்று பாராட்டிவிட்டோம்.

இதில் என் கவலை செத்துப்போன ஓவியர்களைப் பற்றி இல்லை. வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி. போட்டோ மாதிரி இருப்பதுதான் உச்சம் என்று பத்து வயதில் கேட்டு வளர்கிற பிள்ளை என்ன செய்யும்? போட்டோவை எடுத்து வைத்துக் கட்டம் போட்டுக் காப்பி எடுக்கும். நன்றாகவே எடுக்கும். பதினைந்து வயதில், இதைப் போனே ஒரு நொடியில் செய்கிறதே, நான் எதற்கு என்று கேட்கும். இப்போது இன்னும் மோசம். நாலு வார்த்தை தட்டினால் கம்ப்யூட்டரே எண்ணெய் ஓவியம் போலப் பாட்டி படத்தைப் போட்டுத் தருகிறது. காப்பி எடுப்பதே திறமை என்று நம்பிய பிள்ளையிடம் அப்புறம் சொல்ல நம்மிடம் பதில் இருக்காது. என்னிடம் படித்தவர்களில் கைவாகு உள்ள நாலைந்து பேர் பென்சிலை விட்டது இப்படித்தான். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களும் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் என்னதான் சொல்வது சார் என்பீர்கள். பாராட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். பாட்டியை எங்கே உட்கார வைத்து வரைந்தாய்? அசையாமல் இருந்தாரா? இந்தக் கையை ஏன் இப்படி வைத்தாய்? மூக்குத்தியைப் போட்டாய், கண்ணாடியை ஏன் விட்டுவிட்டாய்? பிள்ளை பதில் சொல்லும். "கண்ணாடி போட்டா பாட்டி கண்ணு தெரியல" என்று சொல்லும். இந்த ஒரு பதிலுக்காக நான் நூற்றுக்கு நூறு போடுவேன். படம் பாட்டி மாதிரி இல்லாவிட்டாலும் போடுவேன்.

ஆங்க்ரின் அந்த உட்கார்ந்த அம்மாளை 1932-ல் பிக்காசோ தன் கைப்பக்குவத்தில் வரைந்தார். கையில் புத்தகம், பின்னால் கண்ணாடி, தலையோரம் அதே விரல்கள். போட்டோவுக்கும் அதற்கும் காத தூரம். ஆனால் ஆங்க்ரிடமிருந்து எதை எடுக்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது, அந்த எலும்பில்லாத கையையும் பொய்க் கண்ணாடியையும் விடாமல் எடுத்துக்கொண்டார். இரண்டு படங்களையும் நெட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், ஒற்றுமைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

லண்டன் தம்பிக்கு ஒரு வேலை: அடுத்த தடவை போகும்போது அந்தப் படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா நின்று, முழங்கால் தெரிகிறதா என்று பார்த்து எழுதவும். மற்றவர்களுக்கு: இந்த மாதம் வீட்டில் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து வரையுங்கள். பென்சில் போதும், பெயின்ட் வேண்டாம். போட்டோவைப் பார்த்து வரைந்தால் எனக்குத் தெரிந்துவிடும். நாற்காலியின் காலைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட மறக்காதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர்களை எழுந்து நடக்க விடுங்கள், முதுகு வலிக்கும். வரைந்ததை எனக்கு அனுப்பும்போது ஃப்ளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்.